ராதாநகரைப் பார்த்துவிட்டு மணப்பாட்டுக்குத் திரும்பினேன்

தேரிமணல் (மணப்பாடு)

பத்து நாள் அந்தமான் போய்விட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினோம். ஹேவ்லாக் தீவில் ராதாநகர் கடற்கரையில் மட்டும் இரண்டு சாயங்காலம் இருட்டும்வரை இருந்தோம். சலித்த மாவு மாதிரி வெள்ளை மணல். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குனிந்தால் கால் நகம் தெரிகிறது. மணல் முடிகிற இடத்திலேயே காடு தொடங்கிவிடுகிறது. 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். எழுதியதில் தப்பே இல்லை.

இரண்டாம் நாள் என் மகள் கேட்டாள்: "அம்மா, நம்ம ஊர்க் கடல் ஏன் இப்படி இல்ல?" ஏழு வயது. எனக்குப் பதில் வரவில்லை. அதே கேள்வியை நானும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் உறுத்தியது.

ஊருக்கு வந்த மறுநாள் தூக்கம் கலைந்து விடிகாலையில் கரைக்குப் போனேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிற கரைதான். ஒரு பக்கம் மணல் குன்று, அதன் மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். இந்தப் பக்கம் கருமேனி ஆற்றின் கழிமுகம். திரும்பிப் பார்த்தால் பனைமரங்கள், அவற்றுக்கும் அப்பால் தேரி மணல்மேடுகளின் சிவப்பு. ஒரு பெரியவர் ஃபைபர் போட்டின் நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். வலையின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். கையில் ஊசி. கிழிந்த கண்ணியை விரல் தடவிக் கண்டுபிடிக்கிறது, நூல் இரண்டு சுற்று சுற்றுகிறது, முடிச்சு விழுகிறது, அடுத்த கண்ணி. ஒரு தடவைகூட அவர் வலையைப் பார்க்கவில்லை. கண் முழுக்கக் கடல் மேல்தான். "என்ன தாத்தா பாக்குறீங்க?" என்று கேட்டேன். "நீவாடு திரும்புது, பாரு" என்று கையை நீட்டினார். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். எனக்குத் தண்ணீர்தான் தெரிந்தது. அவர் விரல் காட்டிய இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்த பிறகு, ஒரு நுரைக்கோடு மெதுவாக வடக்கே நகர்வது பிடிபட்டது.

அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். ராதாநகரில் யாரும் எனக்குக் கடலைக் காட்டித் தரவில்லை. அங்கே நான் விருந்தாளி. இத்தனை வருஷம் இங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கிறேனோ என்று தோன்றியது.

வேறு கடற்கரையைப் பார்த்துவிட்டு வந்து சொந்த ஊர்க் கரையைப் புதிதாகப் பார்த்தவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள். ஒப்பிட்டால் நம்முடையது தோற்கிறது என்று நினைப்பவர்களும் எழுதுங்கள்.


மேற்குமலை (கோயம்புத்தூர்)

அக்கா, நான் கடல் இல்லாத ஊர்க்காரன். வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு கடல் பார்க்கக் கிளம்புகிறவன். அதனால் வெளியாள் பார்வையைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் எழுதியது அழகு. ஆனால் நம் கரைகளில் என் மனைவியும் தங்கையும் ஈரத் துணியோடு வண்டி வரை நடக்க வேண்டியிருக்கிறது. உடை மாற்ற ஒரு அறை கிடையாது. கழிப்பறை இருந்தால் பூட்டிக் கிடக்கிறது. மணலில் வெறுங்காலோடு நடக்கப் பயமாக இருக்கிறது, அவ்வளவு பாட்டில் துண்டு. கோவாவிலும் கூட்டம்தான், அங்கே இந்த வசதிகளாவது இருக்கின்றன. இருக்கிற ஊரை நேசிக்க வேண்டும், சரி. அந்த நேசம் குறைகளை மூடுகிற போர்வையாகிவிடக் கூடாது இல்லையா?


முட்டம்பாறை (குமரி மாவட்டம்)

தேரிமணல், உங்கள் மகளின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆசிரியர் வேலையில் முப்பது வருஷம் இருந்தவன், இதைச் சொல்லாமல் போக மனசு வராது.

ராதாநகரின் வெள்ளை மணல் பெரும்பாலும் பவளமும் சிப்பியும் உடைந்து பொடியானது. வண்டல் கொண்டுவந்து கொட்டுகிற பெரிய ஆறு அந்தத் தீவில் இல்லை. அதனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி. நம் மணல் அப்படி வந்ததில்லை. தாமிரபரணியும் காவிரியும் மலைப் பாறையை அரைத்து அரைத்துக் கடலுக்குக் கொண்டுவந்தது. உங்கள் மகள் மணப்பாட்டுக் கரையில் ஒரு கை மணல் அள்ளினால் அதில் பொதிகை மலையும் கொஞ்சம் இருக்கும். அதை அவளிடம் சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் வந்தால் இன்னும் காட்டலாம். கன்னியாகுமரியில் கறுப்பு மணல் தெரிகிறதே, அது இல்மனைட் என்கிற தாது. செந்நிறம் கார்னெட். மணவாளக்குறிச்சிப் பக்கம் மோனசைட்டும் உண்டு. குமரி அம்மனின் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்க வைத்திருந்த அரிசியும் தானியமும் மணலாகிவிட்டன என்று என் பாட்டி சொல்லுவாள். பள்ளியில் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்பேன். காந்தத்தைத் துணியில் சுற்றி மணலில் இழுத்தால் கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் கலங்கலாக இருப்பதும் குறை இல்லை. கண்ணாடி போன்ற வெப்பக் கடலில் பவளப்பாறையை விட்டு விலகினால் சத்துக் குறைவு. நம் கடலின் பச்சையும் கலங்கலும் நுண்ணுயிர் நிறைந்தது, மீனுக்கு அதுதான் சோறு. சாளையும் நெத்திலியும் கூட்டம் கூட்டமாக வருவது சும்மா இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துவிடுகிறேன். முட்டம், குளச்சல் பக்கம் வெளியூர்க்காரர்கள் அலையைப் பார்த்து ஏமாறுகிறார்கள். சித்திரை, வைகாசியில் காற்றே இருக்காது, வானம் வெளுத்திருக்கும், திடீரென்று கடல் ஏறி வரும். கள்ளக்கடல் என்போம். தெற்கே எங்கோ பெருங்கடலில் வீசிய புயல் எழுப்பிய அலை பல நாள் ஓடி வந்து இங்கே கரையேறுகிறது. இப்போது அதற்கு முன்கூட்டியே அறிவிப்பு வருகிறது. அறிவிப்பு வந்த நாளில் பாறையில் நின்று படம் எடுக்காதீர்கள். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் இறங்கவே வேண்டாம்.


ஒற்றியூர்க்காரன் (திருவொற்றியூர்)

எல்லோரும் மணலைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்களுக்குக் கல்தான் இருக்கிறது.

என் அப்பா சின்ன வயசில் கட்டுமரத்தை இழுத்துப் போட்ட இடம் இப்போது கடலுக்குள் இருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து கடல் வரை நடக்கக் கால் வலிக்கும் என்பார். நான் பிறந்தபோது அந்த நடை பாதியாகிவிட்டது. இப்போது சாலை, சாலையை ஒட்டிக் கருங்கல் அடுக்கு, அதற்கப்புறம் கடல்.

காரணம் எங்கள் குப்பத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெற்கேயிருந்து வடக்கே ஓடுகிற நீரோட்டத்தைத் தெண்டி என்போம், வடக்கேயிருந்து வருவதை வன்னி என்போம். வருஷத்தில் தெண்டி ஓடுகிற மாதங்கள்தான் அதிகம். மணலும் அதோடு வடக்கே போகும். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். தெற்கே வந்த மணல் அந்தச் சுவரில் முட்டித் தேங்கியது. அப்படி அகன்ற கரைக்குத்தான் 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் மெரினா என்று பெயர் வைத்தார். வடக்கே ராயபுரம், காசிமேடு, எங்கள் ஊர் எல்லாம் மணல் வராமல் அரிந்துகொண்டே போயின. மெரினாவில் நீங்கள் உட்காருகிற மணலில் எங்களுக்கு வரவேண்டியதும் இருக்கிறது.

கோவைத் தம்பி கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எந்தக் கரை அழகு என்று ஒப்பிடும்போது, அந்தக் கரையின் அழகுக்கு எந்தக் கரை விலை கொடுத்தது என்றும் ஒருமுறை கேளுங்கள்.

அப்புறம், எங்கள் ஊரை நான் விட்டுப் போக மாட்டேன். சாயங்காலம் அந்தக் கல் மேல் பையன்கள் தூண்டில் போடுவார்கள். கெளுத்தியும் கிடைக்கும், சில நாள் கொடுவாயும் கிடைக்கும். என் மகன் போன மாதம் பிடித்த முதல் மீன் உள்ளங்கை அளவுகூட இல்லை. வீடு வரை ஓடியே கொண்டுவந்தான்.


வைத்திக்குப்பம் (புதுச்சேரி)

ஒற்றியூர் அண்ணா சொன்னது எங்களுக்கும் நடந்தது. 1989இல் தெற்கே துறைமுகத்துக்காகக் கல் கொட்டிய பிறகு காந்தி சிலைக்கு முன்னால் மணலே இல்லாமல் போனது. நான் பள்ளி முடிக்கும் வரை எங்கள் ஊர்ச் சாலைக் கடற்கரை என்றால் கறுங்கல்தான். 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தண்ணீருக்கு அடியில் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கியது. அதற்குப் பிறகு ஒரு பகுதியில் மணல் திரும்பி வந்தது. முதன்முதலாக அந்த மணலில் இறங்கிய நாளில் என் பாட்டி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கோயிலுக்குள் போகிற மாதிரி.

ஆனால் வடக்கே பிள்ளைச்சாவடி, பொம்மையார்பாளையத்தில் வீடுகளைக் கடல் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு இடத்தில் கட்டினால் பக்கத்து ஊரில் அரிக்கிறது. இதைத் தனித்தனி ஊராகப் பார்த்துத் தீர்க்கவே முடியாது.


நாகைச்செவிலி (பிரிஸ்டல், இங்கிலாந்து)

நாகப்பட்டினத்தில் பிறந்தவள். 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பதினாறு வயது. அந்த நாளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அதற்கப்புறம் பல வருஷம் நான் கடற்கரைக்குப் போனதே இல்லை. ஊரில் இருந்துகொண்டே கடலுக்கு முதுகைக் காட்டி வாழ்ந்தேன்.

இங்கே வேலைக்கு வந்து இரண்டாம் வருஷம், கூட வேலை பார்க்கிற ஒரு அம்மா என்னை வெஸ்டன் சூப்பர் மேர் என்ற கடற்கரை ஊருக்குக் கூட்டிப் போனார். காலையில் போனபோது தண்ணீர் கரை வரை இருந்தது. சாப்பிட்டுவிட்டு மதியம் திரும்பி வந்து பார்த்தால் கடலே இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் ஈரச் சேறு. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. அன்றைக்கு அலைக்கும் அலைக்கும் நடுவே கடல் உள்வாங்கிக் கிடந்ததைப் பார்த்தவள் நான். "ஓடுங்க, ஓடுங்க" என்று தமிழில் கத்தியிருக்கிறேன். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார வைத்தார்.

அப்புறம் கரையோரக் கடையில் ஒரு சின்னப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். சட்டைப்பைக்குள் அடங்கும். வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வற்றும், எத்தனை மீட்டர் என்று அச்சடித்திருந்தது. உலகத்திலேயே ஏற்றவற்றம் மிக அதிகமான இடங்களில் இதுவும் ஒன்று. சில நாள் பன்னிரண்டு மீட்டரையும் தாண்டுமாம். நாகையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் இடுப்பளவுகூட இருக்காது. அன்றைக்குத் தண்ணீர் திரும்பி வரும் நேரம் மாலை 6.40 என்று போட்டிருந்தது. இருவரும் அங்கேயே காத்திருந்தோம். சொன்ன நேரத்துக்கு வந்தது. சத்தமே இல்லாமல், சேற்றில் விரல் விரலாக ஓடி வந்தது.

அழகான கடற்கரை என்று அதைச் சொல்ல மாட்டேன். பழுப்புத் தண்ணீர், உள்ளே நடந்தால் கால் புதையும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆனால் கடல் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சொன்ன நேரத்துக்கு வரும் என்று எனக்கு மறுபடி நம்பிக்கை கொடுத்தது அந்தச் சேற்றுக் கரைதான். அடுத்த விடுமுறையில் நாகைக்குப் போனபோது அம்மாவை அழைத்துக்கொண்டு கரைக்குப் போனேன். பதினொரு வருஷத்துக்குப் பிறகு. அம்மா ஒன்றும் பேசவில்லை, என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே நின்றார்.


பினாங்குத்தம்பி (பினாங்கு, மலேசியா)

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வேலையிடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

என்னுடையது சின்ன விஷயம். எங்கள் ஆட்கள் எல்லோரும் நீந்த வேண்டும் என்றால் கிழக்குக் கரைக்கு, பெர்ஹெந்தியான் தீவுக்குப் போவோம். தண்ணீர் அவ்வளவு தெளிவு. இங்கே பினாங்கில் இருக்கிற பத்து பெரிங்கி கடற்கரையைப் பார்த்தால் எங்களுக்கே அலட்சியம். ஆனால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பருவமழையில் அந்தத் தீவுகள் மூடிக் கிடக்கும், எங்கள் கரை வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். மாசி மகத்துக்குத் தெலுக் பஹாங்கில் காளியம்மனைத் தெப்பத்தில் வைத்துக் கடலில் விடுவார்கள். இருட்டில் விளக்கோடு தெப்பம் நகரும்போது கரை முழுக்க ஆள் நிற்கும், சீனர்களும் மலாய்க்காரர்களும்கூட. வைத்திக்குப்பம், உங்கள் ஊரிலும் மாசி மகத்துக்கு ஊர்ச் சாமிகள் எல்லாம் கடலாட வருமாமே. என் தாத்தா கடலூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். ஒரு மாசி மகத்துக்கு அங்கே வந்து நிற்க வேண்டும் என்று ஆசை.


மயிலிட்டியான் (ஸ்கார்பரோ, கனடா)

1990இல் நாங்கள் யாழ்ப்பாணத்து மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு பன்னிரண்டு வயசு. எங்கட பகுதி முழுக்க உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் விடுவிக்கப்பட்டது. இருபத்தேழு வருஷம். எங்கட கரை அழகா, இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்கிற வாய்ப்பே எங்களுக்கு இருக்கவில்லை, அது ஞாபகத்தில மட்டும்தான் இருந்தது.

இங்கே வந்த முதல் கோடையில் மாமா என்னை பிளஃபர்ஸ் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளை மண் குன்றுகள், கீழே மணல், கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணி. அச்சொட்டாகக் கடல்தான். ஓடிப்போய் ஒரு கை அள்ளி வாயில வைத்தேன். உப்பில்லை. அது ஒன்ராறியோ ஏரி. மாமாவுக்குத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது இப்பவும் ஞாபகம். கருவாட்டு மணம் இல்லை, உப்புக் காற்று இல்லை, தோலில பிசுபிசுப்பு இல்லை. கடலின்ர சட்டையைப் போட்டுக்கொண்டு வேற யாரோ நிற்கிற மாதிரி இருந்தது.

2018இல் ஊருக்குப் போனேன். எங்கட வளவில மரம் முளைத்துச் சுவரைப் பிளந்திருந்தது. கரை மட்டும் அப்படியே. வாயில வைத்துப் பார்த்தேன், உப்பு. ஐயாவின்ர பழைய கூட்டாளி ஒருவர் திரும்பி வந்து தொழில் செய்கிறார், விளைமீன் தந்துவிட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆனால் நான் எழுத வந்தது இதற்குப் பிறகு நடந்தது. டொரோண்டோவுக்குத் திரும்பின மாரியில என்ர மகள் ஏரியைப் பார்க்க வேணும் என்று நின்றாள். கரையில அலை உறைந்து ஆளுயரத்துக்குப் பனிமேடாக நின்றது. உள்ளே தண்ணி இடிக்கிற சத்தம் கேட்டது. அவள் கையுறையைக் கழற்றிப் பனியைத் தொட்டு "எங்கட பீச்" என்றாள். எனக்கு மயிலிட்டி எப்படியோ அவளுக்கு இது அப்படி. இத்தனை வருஷம் இந்த ஏரியில நான் இல்லாததை மட்டும்தான் தேடியிருக்கிறேன். இப்ப கிழமைக்கொருக்கால் போகிறோம். ஏரிக்கும் காற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கு, கிழக்குக் காற்று அடித்தால் தண்ணி கலங்கும். மெல்ல மெல்லப் படிக்கிறேன்.

முட்டம்பாறை ஐயா, கச்சான் காற்று என்று எழுதினதைப் படிக்கச் சந்தோஷம். எங்கட சனம் கச்சான் என்றால் முதலில வேர்க்கடலையைத்தான் நினைக்கும், கடற்றொழில் செய்கிற வீடுகளில மட்டும் காற்றையும் நினைப்போம்.


பார்த்தசாரதிதெரு (திருவல்லிக்கேணி)

கோவைத் தம்பிக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வசதி கேட்பது சரிதான், கேட்டால்தான் வரும்.

என் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலிதான். மெரினாவிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு, ஆறு வருஷமாக அவள் தண்ணீரைக் கிட்டத்தில் பார்க்கவில்லை. மணலில் சக்கரம் உருளாது. சாலையில் நிறுத்தினால் தூரத்தில் ஒரு நீலக் கோடுதான். மாற்றுத்திறனாளிகள் வருஷக்கணக்காகக் கேட்டுப் போராடியதால் 2022 நவம்பரில் மரப்பாதை வந்தது. 263 மீட்டர், தண்ணீருக்குப் பக்கம் வரை. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் முனையைப் பிய்த்துப் போட்டது. பிறகு சரிசெய்தார்கள். அதற்கப்புறம்தான் அம்மாவை அழைத்துப் போனேன். கடைசிப் பலகையில் நாற்காலியை நிறுத்தினேன். காலை நனைக்க முடியவில்லை, சாரல் முகத்தில் பட்டது. "உப்பு கரிக்குதுடா" என்று உதட்டை நக்கிக்கொண்டு சிரித்தாள்.

மெரினாவில் குப்பை இருக்கிறது, எனக்கும் வருத்தம்தான். ஆனால் இதைவிடச் சுத்தமான கரைகளில் எதுவும் என் அம்மாவுக்கு அன்றைக்கு உதவியிருக்காது.


மேற்குமலை (கோயம்புத்தூர்)

எல்லாப் பதிவையும் இரண்டு தடவை படித்தேன். கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் வேண்டும் என்பதில் நான் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறேன். ஆனால் இத்தனை வருஷம் கடலுக்குப் போய் நான் ஒரு மீனவரிடம்கூட நின்று பேசியதில்லை என்பது இப்போதுதான் தோன்றுகிறது. தேரிமணல் அக்கா, காலாண்டு விடுமுறையில் மணப்பாடு வரலாமா? பிள்ளைகளுக்கு ஒன்பதும் ஐந்தும் வயது.


தேரிமணல் (மணப்பாடு)

தாராளமாக வாங்க தம்பி. செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழா, அதையொட்டி ஊரில் நிற்க இடம் இருக்காது. அது முடிந்த பிறகு வந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள், கரை வெறிச்சென்று இருக்கும். சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் வந்துவிடுங்கள். கழிமுகத்துப் பக்கம் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள், இழுப்பு இருக்கும். குன்றுக்கு இந்தப் பக்கம் எங்கே இறங்கலாம் என்று நான் காட்டுகிறேன். உடை மாற்ற எங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம், கரையிலிருந்து ஐந்து நிமிஷ நடை. உடன்குடிக் கருப்பட்டிக் காப்பியும் அங்கேயே.

முட்டம்பாறை ஐயா, மகளிடம் மணலைப் பற்றிச் சொன்னேன். வீட்டிலிருந்த பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்துவிட்டாள். நேற்றுப் பள்ளி விட்டதும் என் கைக்குட்டையில் அதைச் சுற்றிக் கரையில் இழுத்தாள். கறுப்புத் துகள்கள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டன. ஒரு பழைய மாத்திரை டப்பாவில் அதைச் சேர்த்து வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே ராதாநகரில் எடுத்த ஒரு படம். வலை பொத்துகிற தாத்தாவிடமும் டப்பாவைக் காட்டினாள். அவர் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, "இது மழைக்கு அப்புறம் ஆத்துவாய்ல நிறைய கெடக்கும்மா, அப்ப வா" என்றார்.